விடியக்காலக் கனவும் ராத்திரி மாத்திரையும்

எட்டு மாதத்தில் ரூ.34,300 செலவு, 11 நாள் சம்பளப் பிடித்தம். கெட்ட கனவுக்கு நான் கொடுத்த விலை இது. பூ மார்க்கெட் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் சில்லறை வரை குறித்து வைத்திருக்கிறேன். குறி சொன்னவர், ஹோமம் செய்தவர், கனவுக்குப் பலன் சொல்லும் ஆன்லைன் ஆலோசகர், தலையை ஸ்கேன் எடுத்தவர் என்று இத்தனை பேரைப் பார்த்தேன். "ராத்திரி என்ன மாத்திரை போடுறீங்க?" என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. தலைவலி மாத்திரைக்கும் கனவுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கனவு எப்போதும் ஒன்றேதான். வைகை வறண்டு கிடக்கிறது. ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் குறுக்கே நடக்கிறேன். யானைக்கல் பக்கம் நிற்கிறவர்கள் ஏதோ கத்துகிறார்கள், காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்தால் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு வருகிறது. பிள்ளையின் கை நழுவுகிறது. அந்த இடத்தில் விழித்துவிடுவேன். மணி 4, 4.15 என்றிருக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும், முதுகெல்லாம் வேர்த்து நனைந்திருக்கும். முதலில் வாரம் ஒரு தரம் வந்தது, இரண்டாம் மாதத்தில் வாரத்துக்கு நாலைந்து ராத்திரி ஆகிவிட்டது.

ஒருநாள் அடுப்படியில் அழுதுகொண்டே அத்தையிடம் சொன்னேன். அவர் அன்போடுதான் சொன்னார்: "விடியக்காலக் கனவு பலிக்கும்த்தா, பிள்ளைய ஆத்துப் பக்கம் விடாத." கனவை விட அந்தப் பேச்சுதான் என்னை ஆட்டிவைத்தது. மகளின் பள்ளி வேன் பாலத்தைக் கடக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருப்பேன், பில் தப்பும். மதுரைக்காரர்களுக்கு இந்தப் பயம் கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன். புகாரில் கண்ணகி கண்ட கெட்ட கனவு பலித்தது இந்த ஊரில்தான். கோப்பெருந்தேவியும் தன் கெட்ட கனவைச் சொல்லிக்கொண்டிருந்த நாளிலேதான் பாண்டியன் செத்தான். இதெல்லாம் சின்ன வயதிலேயே காதில் ஏறிவிடுகிறது. ஆனால் குளத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் தீமை விலகும் என்று தோழி தேவந்தி சொன்னபோது, அது நமக்குப் பெருமையில்லை என்று கண்ணகி மறுத்தாளே, அதை மட்டும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

விடியக்காலக் கனவு ஏன் அவ்வளவு அழுத்தமாக நிற்கிறது என்பதற்கு நேரான காரணம் இருக்கிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் கண்மணிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று வரும், அதை ரெம் தூக்கம் என்கிறார்கள். கதைபோல நீளும் கனவுகள் பெரும்பாலும் அதில்தான். முதல் சுற்றில் அது சில நிமிடம்தான். விடிய விடிய நீண்டுகொண்டே போய் கடைசிச் சுற்றுகளில் அரை மணி நேரம்கூடப் பிடிக்கும். அதனால் கெட்ட கனவு மூன்று மணிக்கு மேல் வருவதுதான் வழக்கம். கனவிலிருந்து நேரே விழித்துக்கொள்வதால் முழுசாக ஞாபகமும் இருக்கும். ஞாபகம் இருக்கிற கனவை வைத்துத்தானே பலித்ததா என்று பார்க்க முடியும்? பலிக்காத நூறு கனவை யாரும் எண்ணி வைப்பதில்லை.

இந்த நேரக் கணக்குதான் முதல் சோதனை. ராத்திரி வரும் பயமெல்லாம் ஒரே வகை இல்லை. படுத்த ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் குழந்தை அலறி எழுந்து, கண் திறந்திருந்தும் நம்மை அடையாளம் தெரியாமல் கத்தி, காலையில் எதுவும் ஞாபகமில்லை என்றால் அது கனவே இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில் வரும் அலறல். பயந்த கோளாறு என்று நம் பக்கம் வேப்பிலை அடிப்பது பெரும்பாலும் இதற்குத்தான். குழந்தையை உலுக்கி எழுப்பக் கூடாது. கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் தானாக அடங்கும், வளர வளர நின்றுவிடும். தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்குக் கால் மணி நேரம் முன்னால் லேசாக எழுப்பித் திரும்பத் தூங்க வைப்பதைச் சில வாரம் செய்து பார்க்கலாம். விழிப்பு வந்தும் கைகால் அசையாமல், நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தால் அமுக்குவான். ரெம் தூக்கத்தில் உடம்பு தளர்ந்து கிடப்பது இயல்பு. அந்தத் தளர்ச்சி விலகும் முன் மூளை விழித்துக்கொண்டதுதான் அது. தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வரும், ஒன்றிரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். ஐம்பது வயதைத் தாண்டியவர், குறிப்பாக ஆண், கனவில் சண்டை போடுகிற மாதிரி நிஜமாகவே கையை வீசி உதைத்தால் அதைச் சிரித்துவிட்டுப் போகக் கூடாது, நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பார்க்கின்சன் நோய்க்குப் பல வருடம் முன்னால் வரும் அறிகுறியாக அது இருக்கக்கூடும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவருக்குக் கெட்ட கனவோடு வேர்வையும் காலைத் தலைவலியும் இருந்தால், ராத்திரி சர்க்கரை இறங்குகிறதா என்று 3 மணிக்கு ஒருமுறை குத்திப் பார்ப்பது நல்லது. பலத்த குறட்டையும் மூச்சு நின்று திணறி எழுவதும் இருந்தால் தூக்கப் பரிசோதனை வேண்டும். இந்தப் பிரிவினை தெரிந்திருந்தால் ஸ்கேனுக்குக் கொடுத்த ரூ.6,800 மிச்சமாகியிருக்கும். ஸ்கேனில் ஒன்றுமில்லை. இருக்கும் என்று நினைக்கவும் காரணமில்லை.

மற்ற செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறி கேட்டு, கயிறு மந்திரித்து, தாயத்துக் கட்டிய வகையில் மூன்று தடவையாக ரூ.7,500. வீட்டில் ஹோமம் ரூ.11,000. ஆன்லைனில் ஆறு அமர்வுக்கு மொத்தமாகக் கட்டிய ரூ.9,000. கோயிலுக்குப் போனதில் எனக்குக் குறையில்லை, அந்த ரெண்டு நாள் மனசு லேசாகத்தான் இருந்தது. குறைப்படுவதெல்லாம் குறி சொன்னவர் "பிள்ளைக்குத் தண்ணியில கண்டம்" என்று அழுத்திச் சொன்னதற்குத்தான். ஆலோசகரும் அதையே வேறு பாஷையில் சொன்னார். தண்ணீர் என்றால் அடக்கிவைத்த கோபமாம், கை நழுவுவது என்றால் உள்ளுக்குள் பிள்ளையைப் பாரமாக நினைக்கிறேனாம். அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் மகளின் முகத்தைப் பார்க்கவே கூசியது. இந்தப் பொருளுக்கு இந்த அர்த்தம் என்று அகராதி மாதிரிப் பலன் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. யார் சொன்னாலும் காசு கொடுக்க வேண்டாம்.

நானாகச் செய்துகொண்ட கெடுதலும் உண்டு. கனவுக்குப் பயந்து தூக்கத்தைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன். பதினொன்றுக்குப் படுக்கிறவள் ஒன்று வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐந்து மணிக்கு எழுந்து மாட்டுத்தாவணி ஓட வேண்டும். தூக்கம் குறைந்தால் கிடைத்த நேரத்தில் மூளை ரெம் பாக்கியை ஈடுகட்டப் பார்க்கும், விடுமுறை நாளில் அசந்து தூங்கினால் கனவு கூடும். பிறகு பழக்கமான மெடிக்கலில் கேட்டு அல்பிரசோலம் வாங்கி ஒன்பது நாள் போட்டேன். அது மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை. ஒன்பது நாளும் நிம்மதிதான், நிறுத்திய மூன்றாம் நாள் அதுவரை இல்லாத உக்கிரத்தோடு கனவு திரும்பி வந்தது. இந்த வகை மாத்திரையும் மதுவும் ரெம் தூக்கத்தை அமுக்கி வைக்கின்றன, விட்டதும் அது எகிறிக்கொண்டு வருகிறது. "ஒரு கட்டிங் போட்டா கனவே வராது" என்கிற ஆண்களுக்கும் இதே கதைதான். மதுவுக்கு ஒரே ராத்திரி போதும், முன்பாதியில் அமுக்கி விடியும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கும்.

எட்டாம் மாதம் எங்க வீட்டுக்காரர் பிடிவாதமாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மனநலப் பிரிவு என்று சீட்டில் எழுதியதைப் பார்த்ததும் யாராவது தெரிந்தவர்கள் இருப்பார்களோ என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அங்கிருந்த டாக்டரம்மா மூன்று கேள்வி கேட்டார். எத்தனை மணிக்கு வருது? எழுந்ததும் கதை முழுசா ஞாபகம் இருக்கா? என்னென்ன மாத்திரை, எப்பலேருந்து? மூன்றாவது கேள்விக்குப் பையிலிருந்த அட்டையை எடுத்து நீட்டினேன். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் இருக்க ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த ப்ரோப்ரனலால், 40 மில்லிகிராம், காலையும் ராத்திரியும். தேதியைக் கணக்குப் பார்த்தால் அதைத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில்தான் முதல் கனவு வந்திருக்கிறது. தலைவலிக்கு அது சரியான மாத்திரைதான், எனக்குத் தலைவலி குறைந்தும் இருந்தது. ஆனால் அது கொழுப்பில் கரையும் மருந்து, மூளைக்குள் எளிதாகப் போய்விடும். கெட்ட கனவு அதன் தெரிந்த பக்கவிளைவு. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மெட்டோப்ரலாலும் இந்த ஜாதிதான். ஆஸ்துமாவுக்கும் தும்மலுக்கும் கொடுக்கும் மான்டிலுகாஸ்ட் பற்றி 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மனநிலை, தூக்கம் தொடர்பான பக்கவிளைவுகளுக்காகக் கட்டம் கட்டிய எச்சரிக்கையையே போட வைத்தது. பிள்ளைகளுக்கு ராத்திரி அதைக் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், மறதி நோய்க்கான டோனபெசில், பார்க்கின்சனுக்கான லெவோடோபா எல்லாமே இந்தப் பட்டியலில் உண்டு. இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். ப்ரோப்ரனலாலைச் சட்டென்று நிறுத்தினால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், இதயக் கோளாறு உள்ளவருக்கு ஆபத்து. எனக்கு இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினார்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரைப் பெயரை வாயால் சொல்வதை விட அட்டையோடு போங்கள், தொடங்கிய தேதியையும் எழுதிக்கொண்டு போங்கள்.

மாத்திரை மாறியதும் கனவு நின்றுவிட்டது என்று சொல்ல ஆசைதான், நிற்கவில்லை. வாரம் ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. மிச்சத்துக்குக் காரணம் வேறு. டாக்டரம்மா, "சின்ன வயசிலேயே நீங்க சட்டுனு அழுதுடுற ஆளா? அடுத்தவங்க கஷ்டம் உங்களுக்கு ஒட்டிக்குமா?" என்று கேட்டார். ஆமாம். மார்க்கெட்டில் யாரோ சண்டை போட்டால் எனக்குச் சோறு இறங்காது. பாஸ்டனில் எர்னஸ்ட் ஹார்ட்மன் என்ற மனநல மருத்துவர், அடிக்கடி கெட்ட கனவு காண்கிறவர்களை 1980-களில் ஆராய்ந்து, அவர்களில் பலருக்கு மன எல்லைகள் மெல்லியவை என்றார். நம் பாஷையில் சொன்னால் வரப்பு மெலிந்த வயல், பக்கத்து வயல் தண்ணீர் கசிந்து வந்துவிடும். தனக்கும் பிறருக்கும் நடுவே, நினைப்புக்கும் நிஜத்துக்கும் நடுவே அந்த வரப்பு மெல்லிசு. இப்படிப்பட்டவர்களில் கலை, இசை என்று ஈடுபாடு உள்ளவர்கள் அதிகம். எதற்கெடுத்தாலும் கவலைப்படும் சுபாவக்காரர்களுக்கும் கெட்ட கனவு கூடுதல் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இது சுபாவம். வியாதியும் இல்லை, வளர்ப்புக் குற்றமும் இல்லை. வாரம் ஒன்றாவது கெட்ட கனவு காணும் பெரியவர்கள் நூற்றில் நாலைந்து பேர் இருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். நம் தெருவிலேயே பலர் இருப்பார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கனவு எத்தனை தரம் வருகிறது என்பது ஒன்று, வந்த பிறகு பகலில் எவ்வளவு நேரம் ஆட்டிவைக்கிறது என்பது இன்னொன்று. மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றோடு நெருக்கமாகப் பின்னிக்கிடப்பது இந்த இரண்டாவதுதான். வாரம் மூன்று கனவு கண்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போகிறவரும் உண்டு, மாதம் ஒன்று கண்டு மூன்று நாள் முடங்குகிறவரும் உண்டு. உதவி அவசரமாகத் தேவைப்படுவது முடங்குகிறவருக்கு. நான் முடங்குகிற ரகம். போதாக்குறைக்கு "அதை நினைக்காதே" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் படுக்கப் போகும்போது நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பேன். 2004-ல் டேனியல் வெக்னர் குழுவினர் செய்த சோதனையில், தூங்கும் முன் அடக்கிவைத்த நினைப்புதான் கனவில் கூடுதலாக வந்தது.

எனக்குக் கைகொடுத்த முறைக்கு மருந்து வேண்டாம், ஒரு கோடு போட்ட நோட்டு போதும். கனவை விழிப்பில் மாற்றி எழுதி ஒத்திகை பார்ப்பது. பாரி க்ராக்கோ குழுவினர் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள், மூன்றே அமர்வுகளில் கற்றுக்கொடுத்ததற்கு நல்ல பலன் இருந்தது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2018-ல் கெட்ட கனவு நோய்க்குப் பரிந்துரைத்ததும் இதைத்தான். முதல் இரண்டு வாரம் குறிப்பு மட்டும். படுத்த நேரம், விழித்த நேரம், கனவு ஒரே வரியில், பயம் 0 முதல் 10 வரை எவ்வளவு, அன்று சாயங்காலம் குடித்த டீ, போட்ட மாத்திரை, வீட்டில் சண்டை. மூன்றாம் வாரம் கனவைச் சுருக்கமாக எழுத வேண்டும், அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிறகு உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி மாற்றி எழுதுங்கள். முடிவைத்தான் மாற்ற வேண்டும் என்றில்லை, தொடக்கத்தையே மாற்றலாம். மாற்றிய கதையை மட்டும் பகலிலோ முன்னிரவிலோ கண்ணை மூடி 10 முதல் 20 நிமிடம், ஒலி, வாசனை, கால் உணர்வு உட்பட மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தினமும். ஒரு வாரத்துக்கு ஒன்றிரண்டு கனவுக்கு மேல் கையில் எடுக்கக் கூடாது.

நான் முதலில் சொதப்பினேன். வெள்ளத்தை நிறுத்த ஒரு சுவர் எழுப்பினேன், மறுநாள் கனவில் சுவர் உடைந்தது. ஆபத்தோடு மல்லுக்கட்டும் கதை எனக்கு எடுபடவில்லை. மகளோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. அதே ஆறு, அதே மணல், ஆனால் அது சித்திரை மாதம். அழகர் இறங்குவதற்காக அணையில் திறந்துவிட்ட தண்ணீர் வருகிறது. கரையில் கத்துகிறவர்கள் "கோவிந்தா" என்றுதான் கத்துகிறார்கள். தண்ணீர் கணுக்கால் வரை ஏறுகிறது, சில்லென்று இருக்கிறது. தோப்பறை என்கிற தோல் பையிலிருந்து ஒருவர் தண்ணீரைப் பீய்ச்ச, பிள்ளை என் கையை விட்டுவிட்டு நனைய ஓடுகிறாள். கை நழுவும் இடத்தை நான் எடுக்கவில்லை, அதற்கு வேறு காரணம் கொடுத்தேன். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நிறையப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள், ஒரு மாதமாவது செய்ய வேண்டும். மூன்றாம் வாரம் கனவு வந்தது, தண்ணீர் வந்தது, கை நழுவவில்லை. ஆறாம் வாரத்துக்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்ற அளவில் நிற்கிறது. புதுக் கதை அப்படியே கனவில் வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலும் வராது. பழையது கூர் மழுங்கும். இன்னொரு தப்பு, பழைய கனவையே திரும்பத் திரும்ப எழுதிப் படிப்பது. அது பயத்துக்கு ஒத்திகையே தவிர வைத்தியம் இல்லை.

4 மணிக்கு விழித்ததும் என்ன செய்வது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விளக்கைப் போடு, காலைத் தரையில் வை, முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவு, அறையில் கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல். மணியைத் திரும்பத் திரும்பப் பார்க்காதே, போனைத் தொடாதே, அந்த நேரத்தில் அர்த்தம் தேடாதே. 20 நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, கண் அசந்ததும் திரும்பு. எழும் நேரம் மட்டும் எந்த நாளும் மாறக் கூடாது.

தனியாக இந்த நோட்டு வேலையில் இறங்கக் கூடாதவர்கள் உண்டு. விபத்து, அடி உதை, பாலியல் கொடுமை என்று நிஜமாக நடந்தது அப்படியே கனவில் ஓடினால், மனநல மருத்துவரோ பயிற்சி பெற்ற உளவியலாளரோ பக்கத்தில் இருக்க வேண்டும். பகலிலும் இல்லாத குரல் கேட்டால், யாரோ துரத்துவதாகத் தோன்றினால் உடனே காட்ட வேண்டும். கெட்ட கனவோடு சாவு நினைப்பும் சேர்ந்தால் அடுத்த வாரம் என்று தள்ளவே கூடாது. அடிக்கடி கெட்ட கனவு காண்கிறவர்களிடம் தற்கொலை எண்ணம் கூடுதலாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வீட்டில் இருப்பவர்கள் "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் எண்ணம் முளைக்காது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104, இரண்டிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஆறாம் மாதம் ஒரு ராத்திரி, இப்படித் தூங்கித் தூங்கிச் சாவதற்கு ஒரேயடியாகப் போய்விடலாம் என்று எனக்கும் தோன்றியது. அன்றைக்கு இந்த எண்கள் எனக்குத் தெரியாது.

அத்தைக்கு இதில் பாதிதான் ஒப்புதல். கயிற்றை அவிழ்க்க விடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் காலையில் "என்ன கனவு வந்துச்சு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார், அதுவே பெரிய உதவி. போன வாரம் மகளுக்குக் காய்ச்சல், மூன்று ராத்திரி சரியான தூக்கமில்லை, நாலாவது ராத்திரி ஆறு வந்தது. நோட்டில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: 4.10, தண்ணீர் முழங்கால் வரை, பயம் 3. மல்லி வரத்து அதிகமான நாள் அது, திரும்பப் படுக்காமல் கிளம்பிவிட்டேன்.